மின்னணுப் பயிற்சிக் கழுத்துப்பட்டி: வன்னியில் நாய் வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கத்தில் தோட்டக்காரர்களுக்கும் மாடு வளர்ப்போருக்கும் நாய் பழக்கிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. மின்னணுப் பயிற்சிக் கழுத்துப்பட்டிகள் இணையவழி விற்பனையில் கிடைக்கத் தொடங்கிய பின்னர், அறுவடை முடிந்த வயலிலும் கால்நடை வைத்தியசாலை வாசலிலும் தொலைபேசியிலும் ஒரே ஐயங்களையே திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். ஓரிடத்தில் சொன்னதை இன்னோரிடத்தில் திரும்பச் சொல்லவில்லை. ஆகவே மேலிருந்து கீழாக வாசிப்பது நல்லது.

இந்தக் "கரண்ட் பெல்ட்" எண்டது என்ன சாமான்? அதுக்குள்ளை என்ன கிடக்கு?

இது இரண்டு துண்டுகளாக வரும். ஒன்று உங்கள் கையில் இருக்கும் றிமோட். மற்றது நாயின் கழுத்துப்பட்டியில் கோக்கப்பட்ட, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி. அந்தப் பெட்டியின் உட்பக்கத்தில் இரண்டு உலோக முனைகள் துருத்திக்கொண்டு நாயின் தோலைத் தொட்டபடி இருக்கும். உள்ளே மீண்டும் மீண்டும் சார்ஜ் செய்யக்கூடிய லிதியம் பற்றரி ஒன்று இருக்கும்.

றிமோட்டில் நீங்கள் அழுத்தும் பொத்தானுக்கு ஏற்ப அந்தப் பெட்டி "பீப்" என்று ஒலிக்கும், அல்லது கைத்தொலைபேசியைப் போல அதிரும், அல்லது இரு முனைகளுக்கும் நடுவே சிறிய மின்துடிப்பை விடும். மூன்றாவதைத்தான் ஊரில் "கரண்ட்" என்கிறார்கள். நான் அதைத் "தூண்டல்" என்று எழுதுகிறேன், ஏனென்றால் சரியாகப் பயன்படுத்தும்போது அது நாய்க்கு ஓர் அடியாகப் படக் கூடாது.

கரண்ட் அடிச்சு நாய் செத்துப் போகாதோ?

உடல்நலமுள்ள, வளர்ந்த நாயை ஒழுங்காகச் செய்யப்பட்ட பட்டி கொல்லாது. வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று அளவில் இடைவிடாமல் உடலினூடாக நிலத்துக்கு ஓடுவதால்தான் உயிரை எடுக்கிறது. பட்டியின் துடிப்போ ஒரு சிறு பற்றரியிலிருந்து, ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே நீடிக்கும் துடிப்புகளாக, இரு முனைகளுக்கும் இடைப்பட்ட தோலிலும் தசையிலும் மட்டும் நிகழ்கிறது. யானைக்குப் போட்ட மின்வேலியைத் தெரியாமல் தொட்டவர்களுக்கு உடம்பே உதறியிருக்கும். அங்கே துடிப்பு உடலினூடாக நிலத்துக்கு இறங்குகிறது, இங்கே அப்படி இறங்குவதில்லை.

ஆனால், உயிர் போகாது என்பதை "வலிக்காது" என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உயர்ந்த அளவில் வைத்தால் கடுமையாக வலிக்கும். அதைவிட, நாயின் மனத்தில் ஏறும் பயம் மாதக்கணக்கில் நிற்கும். இதய நோயோ வலிப்போ உள்ள நாய்க்கும் வயிற்றில் குட்டியுள்ள நாய்க்கும் இதைக் கட்டவே கூடாது. நுளம்பு மட்டையின் உள்ளுறுப்பைக் கழற்றிப் பட்டி செய்யலாமா என்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அதில் அளவைக் கூட்டவும் குறைக்கவும் வழியில்லை. ஒரே அளவு, அதுவும் மிகக் கூடிய அளவு.

வாங்கிக் கட்டினால் எத்தினை நாளிலை நாய் சொல்லுக் கேக்கும்?

பட்டியை மட்டும் நம்பினால் ஒரு நாளும் கேட்காது. "வா" என்ற சொல்லுக்கு என்ன செய்ய வேண்டும் என்று பட்டி நாய்க்குச் சொல்லாது. ஏற்கெனவே தெரிந்த சொல்லை, கையெட்டாத தூரத்தில் நினைவூட்ட மட்டுமே அதனால் முடியும். தெரியாத சொல்லுக்குத் தூண்டல் கொடுத்தால், காரணமில்லாமல் கழுத்தில் ஏதோ கடிக்கிறது என்று மட்டுமே நாய் விளங்கிக்கொள்ளும்.

ஆகவே முதல் வேலை கயிற்றோடுதான். மாட்டுக்குக் கட்டும் மெல்லிய நைலோன் கயிற்றில் பத்து மீற்றரை வெட்டி, சாதாரணக் கழுத்துப்பட்டியிலோ நெஞ்சுப்பட்டியிலோ கட்டுங்கள். "வா" என்று ஒரு தடவை மட்டும் சொல்லிக் கயிற்றை மெதுவாகச் சுருட்டி, நாய் காலடிக்கு வந்ததும் அவித்த கோழி ஈரலில் ஒரு சிறு துண்டு கொடுங்கள். நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் போதும். கயிறு இழுபடாமலே நாய் திரும்பி ஓடிவரும் வரை, பெரும்பாலும் மூன்று நான்கு வாரம், இதைச் செய்த பிறகுதான் பட்டியைப் பற்றி யோசிக்க வேண்டும். அந்த நிலைக்கு வந்த நாய்களில் பலவற்றுக்குப் பட்டி தேவைப்படாமலே போயிருக்கிறது. அப்படி ஒரு வீட்டுக்காரர் பணத்தை மிச்சம் பிடித்தால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அப்பிடியெண்டால் எனக்கு இது தேவையோ, இல்லையோ?

நாய் எங்கே, எதற்காக உங்களைவிட்டு ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. வளவுக்கு வேலியில்லாததால் தெருவுக்குப் போகும் நாய்க்கு வேலிதான் மருந்து. பெட்டை நாய்களின் காலத்தில் மூன்று நாள் வீட்டுக்கு வராத ஆண் நாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வதே சரி. பட்டி அந்த வேட்கையோடு போட்டி போட முடியாது. சங்கிலியிலேயே நாளெல்லாம் கிடந்து, அவிழ்த்தவுடன் வெறிபிடித்தாற்போல் ஓடும் நாய்க்குத் தேவை நடையும் விளையாட்டும்.

திறந்த மேய்ச்சல் தரையில், முந்நூறு மீற்றர் தள்ளி, சொல் தெரிந்தும் ஒரு மயிலையோ முயலையோ கண்டதும் காது கேளாததுபோல் ஓடும் நாய்க்குத்தான் இது உண்மையில் உதவும். எங்கள் பகுதியில் அப்படி ஓடுவது வெறும் தொல்லையோடு நிற்பதில்லை. காட்டு ஓரங்களில் பன்றிக்கு வைத்த சுருக்கும், தட்டுப்பட்டால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கும் இருக்கின்றன. யானையையோ கரடியையோ குரைத்துக் கிளப்பிவிட்டு நாய் ஓடிவந்து ஒளிவது அதன் எசமானின் காலடியில்தான்.

மிதிவெடி அபாயச் சிவப்புப் பலகை நிற்கும் நிலத்தின் அருகே மட்டும் எந்தப் பட்டியையும் நம்பி நாயை அவிழ்த்துவிட வேண்டாம். பற்றரி இறங்கலாம், அலை தடைப்படலாம். அங்கே கயிறு ஒன்றே பாதுகாப்பு. நாய் உள்ளே போய்விட்டாலும் அதன் பின்னால் நீங்கள் ஒரு அடியும் வைக்கக் கூடாது.

ஒவ்வொரு விலையிலையும் கிடக்கு. எதைப் பாத்து வாங்கிறது?

முதலில் பார்க்க வேண்டியது, தூண்டலின் படிகள் எத்தனை, ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் எவ்வளவு வேறுபாடு என்பதே. டொக்ட்ரா நிறுவனத்தின் பல பட்டிகளில் 127 படிகள் உண்டு. மினி எடியுகேட்டர் என்ற பட்டியில் 100 படிகள் உண்டு. படிகள் நெருக்கமாக இருந்தால் நாய் மட்டுமட்டாக உணரும் அளவைக் கண்டுபிடிக்கலாம். மலிவான பட்டிகளிலும் "100 படி" என்று அச்சிட்டிருப்பார்கள், ஆனால் உள்ளே அவை சீராக ஏறுவதில்லை.

இதை நான் பட்டறிந்துதான் சொல்கிறேன். நான் முதன்முதலில் வாங்கிய மலிவான பட்டியில் எட்டாம் படிவரை ஒன்றுமே இல்லை. ஒன்பதாம் படியில் என் நாய் கறுப்பன் வீரிட்டுக் கத்திக்கொண்டு பாய்ந்தான். அந்த வேளையில் அவன் எங்கள் கிணற்றுக் கட்டின் அருகே நின்றான். கிணறுதான் கடித்தது என்று அவன் முடிவு செய்துவிட்டான். அதன் பிறகு நான்கு மாதம், நான் கிணற்றில் அள்ளி வைத்த தண்ணீரைக்கூட அவன் வாளியில் குடிக்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு மா மரத்தடிக்குப் போனால்தான் குடித்தான். பட்டியை முதலில் என் கையில் வைத்துப் பார்க்காதது என் பிழை. இன்று எந்தப் பட்டி வந்தாலும் என் முன்கையின் உட்பக்கத்தில் முனைகளை அழுத்தி, பூச்சியத்திலிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றிப் பார்த்த பின்னரே நாயிடம் கொண்டு போகிறேன். நல்ல பட்டியானால் முதலில் எறும்பு ஊர்வதுபோலத் தோன்றும், பிறகு தசை இலேசாகத் துடிக்கும், அதன் பிறகே சுள்ளென்று இருக்கும்.

அடுத்து, றிமோட்டைப் பார்க்காமலே விரலால் பொத்தான்களை இனங்காண முடிய வேண்டும். தூண்டல் பொத்தானை விடாமல் அழுத்தினாலும் சில வினாடிகளில் தானே நிற்கும் பாதுகாப்பு இருக்க வேண்டும். பற்றரியும் பட்டி வாரும் தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியின் அளவு நாய்க்குப் பொருந்த வேண்டும். எங்கள் ஊர் நாய்கள் பதினைந்து கிலோ அளவில் இருப்பவை, வெளிநாட்டு வேட்டை நாய்க்குச் செய்த கனமான பெட்டி அவற்றின் கழுத்தில் தொங்கிச் சுழலும்.

ஒரு கிலோமீற்றர் வேலை செய்யும் எண்டு பெட்டியிலை போட்டிருக்கு. உண்மையோ?

இடையில் எதுவுமே இல்லாத வெட்டவெளியில், றிமோட்டை உயர்த்திப் பிடித்து, நாயும் நிமிர்ந்து நின்றால் கிடைக்கும் தூரம் அது. பற்றை, மரம், வரம்பு, மதில் எல்லாம் அலையைக் குறைக்கும்; மாரியில் நனைந்த இலைகள் இன்னும் கூடுதலாகக் குறைக்கும். 433 மெகாஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசையில் இயங்குபவை பற்றைக்குள் ஓரளவு புகும், 2.4 கிகாஹேர்ட்ஸில் இயங்குபவை எளிதில் மறிக்கப்படும். எழுதியிருப்பதில் பாதி கிடைத்தால் நல்ல பட்டி என்று கொள்ளுங்கள்.

பரிசோதிக்க இருவர் வேண்டும். ஒருவர் பட்டியைக் கையில், நாயின் கழுத்து உயரத்தில் பிடித்துக்கொண்டு நடக்க, மற்றவர் ஐம்பது மீற்றருக்கு ஒருமுறை ஒலிப் பொத்தானை அழுத்த வேண்டும். அறுவடை முடிந்த வயலில் ஒருமுறையும், நாய் உண்மையில் ஓடும் காட்டோரத்தில் ஒருமுறையும் செய்யுங்கள். குறைந்த தூரத்தையே உங்கள் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

மழை, குளம், வாய்க்கால் எல்லாம் தாங்குமோ?

ஐ.பி.எக்ஸ்.7 என்ற தரக்குறி இருந்தால், ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தண்ணீர் புகாது என்பது பொருள். வாய்க்காலில் இறங்கும் நாய்க்கு அது போதும். சார்ஜ் ஏற்றும் துளையின் இறப்பர் மூடியைச் சரியாக அழுத்தாவிட்டால் அந்தத் தரம் ஒன்றுக்கும் உதவாது. முல்லைத்தீவுக் கடற்கரையிலோ நந்திக்கடலிலோ நாய் இறங்கினால், வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். உப்பு முனைகளை அரித்துவிடும். குளங்களில் முதலை உண்டு என்பதை நாய் அறியாது, நீங்கள் அறிவீர்கள்.

என்ரை நாய்க்கு எந்த இலக்கத்திலை வைக்கிறது?

யாரும் தொலைபேசியில் சொல்ல முடியாத இலக்கம் இது. ஒவ்வொரு நாய்க்கும் வேறு. ஒரே நாய்க்கே வீட்டு முற்றத்தில் ஒன்று, ஆட்டுக்கூட்டத்தின் நடுவே இன்னொன்று. முதலில் ஒரு வாரமாவது பட்டியை இயக்காமல் கட்டிப் பழக்குங்கள். பட்டி வந்தால் நடைக்குப் போகலாம் என்று நாய் மகிழ வேண்டும். பிறகு முற்றத்தில், கயிற்றோடு, நாய் அமைதியாக மோந்துகொண்டு நிற்கும்போது பூச்சியத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஒருமுறை தட்டிவிட்டுக் காத்திருங்கள்.

நீங்கள் தேடுவது மிகச் சிறிய அறிகுறி. கறுப்பனுக்கு இடது காது ஒருமுறை பின்னுக்குப் போய் வரும். இன்னொரு நாய் மோப்பத்தை நிறுத்திவிட்டு, எறும்பு எங்கே என்பதுபோல் நிலத்தைப் பார்த்தது. வேறொன்று கழுத்தைச் சொறிய ஒரு பின்னங்காலை அரைவாசி தூக்கியது. அதுதான் அளவு, அங்கேயே நிறுத்துங்கள். கத்தினாலோ வாலைச் சுருட்டினாலோ தலையைக் குலுக்கினாலோ தாண்டிவிட்டீர்கள். குறைத்துவிட்டு அன்றைய வேலையை விளையாட்டோடு முடித்துக்கொள்ளுங்கள்.

அளவு தெரிந்த பின், மூன்றாவது கேள்வியில் சொன்ன "வா" பயிற்சியைத் திரும்பச் செய்யுங்கள். "வா" என்று சொல்லும்போதே மெல்லிய தூண்டல் தொடங்க வேண்டும். நாய் உங்கள் பக்கம் திரும்பிய அந்தக் கணத்தில் விரலை எடுத்துவிட வேண்டும். திரும்பினால் அது நின்றுவிடுகிறது என்பதுதான் நாய் கற்கும் பாடம். ஈரல் துண்டையும் நிறுத்திவிடாதீர்கள்.

சத்தமும் அதிர்வும் மட்டும் உள்ள பட்டி காணாதோ?

சில நாய்களுக்குத் தாராளமாகக் காணும். "பீப்" ஒலியை ஈரலோடு சேர்த்துப் பழக்கினால் அதுவே நல்ல அழைப்பாகிவிடும். காது கேளாத நாய்க்கு அதிர்வுப் பட்டி பெரும் உதவி. அதிர்ந்தால் எசமானைப் பார்க்க வேண்டும் என்று ஒரு மாதத்தில் பழகிவிடும். ஆனால் அதிர்வு எப்போதும் மென்மையானது என்று எண்ண வேண்டாம். தாழ்ந்த தூண்டலைப் பொருட்படுத்தாத நாய் அதிர்வுக்கு நடுங்கி ஒளிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதையும் கயிற்றோடு, முற்றத்திலேயே முதலில் பாருங்கள்.

இறுக்கிக் கட்டிறதோ, தளர்வாய்க் கட்டிறதோ?

வாருக்கும் கழுத்துக்கும் இடையில் ஒரு விரல் நுழைய வேண்டும், இரண்டு நுழையக் கூடாது. தளர்ந்தால் முனைகள் ஒருமுறை தொடும், ஒருமுறை தொடாது. வேலை செய்யவில்லை என்று நினைத்து அளவை ஏற்றுவீர்கள், அடுத்த கணம் அது சரியாகத் தொட்டு நாயைத் தூக்கிப் போடும். பெட்டி தொண்டைக்குழிக்கு நேரே இல்லாமல் கழுத்தின் பக்கவாட்டில், சற்று மேலே இருக்கட்டும். குட்டை மயிருக்குக் குட்டை முனையும், சடை மயிருக்கு நீண்ட முனையும் போடுங்கள். இந்தப் பட்டியில் சங்கிலியையோ கயிற்றையோ கொழுவ வேண்டாம்.

நாளெல்லாம் கட்டி வைப்பதுதான் இங்கே நான் அதிகம் காணும் பிழை. ஒருமுறை என்னிடம் கொண்டுவரப்பட்ட நாயின் கழுத்தில், பட்டியைக் கழற்றியதும் கச்சான் பருப்பளவில் இரண்டு வட்டப் புண்கள், அக்கம்பக்கமாக, நீர் வடிந்துகொண்டிருந்தன. கரண்ட் சுட்டுவிட்டது என்றார் உரிமையாளர். உண்மையில், இரவும் பகலும் ஒரே இடத்தில் அழுத்திய முனைகள் தோலின் இரத்த ஓட்டத்தை நிறுத்தியதால் வந்த அழுத்தப் புண்கள் அவை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பெட்டியை இடம் மாற்றுங்கள், நாளில் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் கட்டாதீர்கள், இரவில் கட்டவே வேண்டாம். எங்கள் வெயிலில் வாருக்கு அடியில் அழுக்கும் தூசியும் சேரும், உண்ணியும் ஒளிந்துகொள்ளும். கழற்றும் ஒவ்வொரு தடவையும் மயிரை விலக்கிப் பாருங்கள்.

குட்டிக்கு இப்ப மூண்டு மாசம். இப்பவே தொடங்கலாமோ?

வேண்டாம். ஆறு மாதத்துக்கு முன் தூண்டலைப் பயன்படுத்தக் கூடாது. ஒரு வயதுவரை பொறுத்தால் இன்னும் நல்லது. மூன்று மாதக் குட்டி ஈரலுக்காக எதையும் செய்யும். அந்தப் பொன்னான காலத்தைக் கயிற்றுக்கும் விளையாட்டுக்கும் கொடுங்கள்.

எங்கடை வீட்டிலை மூண்டு நாய். மூண்டு றிமோட் வாங்கவேணுமோ?

தேவையில்லை. ஒரு றிமோட்டோடு இரண்டு அல்லது மூன்று பட்டிகளை இணைக்கும் வகைகள் உண்டு. மூன்று தனித்தனி றிமோட்டுகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாய் ஓடும் அவசரத்தில் சரியானதை எடுப்பது நடக்காத காரியம். முதலில் ஒரு நாய்க்கு வாங்கி, பிறகு பட்டிகளைச் சேர்க்க எண்ணியிருந்தால், அந்த றிமோட் பின்னர் பட்டி சேர்க்க இடம் தருமா என்று வாங்கும்போதே கேளுங்கள், எல்லாம் தராது.

பல நாய்க்கான றிமோட்டில் ஒரு விடயத்தை நான் மிகக் கவனமாகப் பார்க்கச் சொல்வேன். சிலவற்றில் ஒவ்வொரு நாய்க்கும் உரிய தூண்டல் அளவு தனித்தனியே நினைவில் நிற்கும். வேறு சிலவற்றில் நாயை மாற்றும் ஆளி மட்டும் தனி, அளவைத் திருகும் சில்லு ஒன்றே. இரண்டாவது வகையில், முரட்டு நாய்க்கு நாற்பதில் வைத்துவிட்டு ஆளியைத் தட்டினால், பத்திலேயே காதைத் திருப்பும் பயந்த நாய்க்கும் அதே நாற்பது போய்ச் சேரும். அப்படி ஒரே ஒரு தவறு நடந்தாலும், பட்டியைக் கண்டதும் கட்டிலுக்கடியில் போய்ப் படுக்கும் நாய்தான் மிஞ்சும். அளவு தனித்தனியே நிற்கும் வகைக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் தயங்க வேண்டாம்.

வாருக்கு வெவ்வேறு நிறம் தெரிந்தெடுத்து, றிமோட்டின் பொத்தானிலும் அதே நிற ரேப்பை ஒட்டுங்கள். வீட்டில் யார் றிமோட்டை எடுத்தாலும் சிவப்பு வீரன், நீலம் கறுப்பன் என்று மாறாமல் இருக்க வேண்டும். அளவைத் தேடுவதும் "வா" பழக்குவதும் ஒவ்வொரு நாயாக, மற்றவற்றைக் கட்டிவிட்டு அவற்றின் கண்ணுக்குப் படாமல் செய்ய வேண்டிய வேலை.

மூண்டும் சேந்து ஓடேக்கை ஆருக்கு முதல் அழுத்திறது?

மூன்றும் சேர்ந்து ஓடும்போது எப்போதும் ஒன்றுதான் முன்னே இழுத்துப் போகும். எந்த நாய் முதலில் தலையை உயர்த்துகிறது, எது அதைப் பார்த்து எழும்புகிறது என்று இரண்டு மூன்று நாள் சும்மா கவனித்தால் தெரிந்துவிடும். முன்னோடி நாயை மட்டும் தனியே நன்றாகப் பழக்கி, அது அழைப்புக்குத் திரும்பத் தொடங்கினால், மற்ற இரண்டும் பெரும்பாலும் பட்டியின் உதவியில்லாமலே பின்னால் வந்துவிடும். இதனால்தான் மூன்று நாய் வைத்திருக்கும் பலரிடம் முதலில் ஒரு பட்டி மட்டும் வாங்கச் சொல்கிறேன்.

மூன்றுக்கும் ஒரே நேரத்தில் தூண்டல் கொடுக்கும் பொத்தான் சில றிமோட்டுகளில் உண்டு. அதைப் பயன்படுத்த வேண்டாம். ஏற்கெனவே திரும்பிக்கொண்டிருக்கும் நாயும் தண்டனை பெறும். அந்தப் பொத்தானை ஒலிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஒண்டோடையொண்டு சண்டை பிடிக்குதுகள். அழுத்தினால் விட்டிடுங்களோ?

அழுத்தவே கூடாது. கழுத்தில் வந்த வலியை, கடித்துக்கொண்டிருக்கும் மற்ற நாய் தந்ததாகவே எடுத்துக்கொண்டு இன்னும் ஆழமாகக் கடிக்கும். அதன் பிறகு அந்த நாயைக் கண்டாலே பகை முற்றும். ஒரு வாளி தண்ணீரும், உணவுத் தட்டுகளைத் தூரத் தூர வைப்பதும் இதைவிட நன்றாக வேலை செய்யும். மனிதரைக் கடிக்கப் பாயும் நாய்க்கும் இதே பதில்தான். அதைக் கட்டி வைத்துவிட்டு, நோவு ஏதும் உண்டா என்று கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

ராவிலை குரைக்கிறதை நிப்பாட்டத் தானாய் அடிக்கிற பெல்ட் இருக்காமே?

இருக்கிறது. குரைக்கும் ஒலியையோ தொண்டை அதிர்வையோ உணர்ந்து தானே இயங்கும். ஒலியை மட்டும் கேட்டு இயங்கும் வகையைப் பல நாய் உள்ள வீட்டில் கட்டினால், ஒரு நாய் குரைக்க அருகில் சும்மா படுத்திருக்கும் நாய்க்கு அடி விழும். தொண்டை அதிர்வையும் சேர்த்துப் பார்க்கும் வகை அந்த வகையில் மேல்.

ஆனாலும் எங்கள் ஊரில் இதை நான் ஊக்குவிப்பதில்லை. நெல்லுக்கு யானை வந்ததையும், மரவள்ளிக்குப் பன்றி வந்ததையும் முதலில் சொல்வது நாய்தான். அதன் வாயை மூடிவிட்டு நாம் எதை நம்பித் தூங்குவது? காரணமில்லாமல் விடிய விடியக் குரைக்கும் நாய் பெரும்பாலும் சங்கிலியில் தனித்துக் கிடக்கும் நாய். அதை இரவில் வேலிக்குள் அவிழ்த்துவிட்டுப் பாருங்கள்.

ரோட்டிலை போற மோட்டச் சைக்கிளைத் துரத்துது. துரத்தேக்கை அழுத்தலாமோ?

கறுப்பனும் கிணறும் நினைவிருக்கும். வலி வந்த கணத்தில் நாய் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அதன்மேல்தான் பழி போடும். துரத்தும் நாய்க்கு உயர்ந்த அளவில் அழுத்தினால், மோட்டார் சைக்கிள் கடிக்கும் பொருள் என்று கற்று, சில நாய் ஒதுங்கும். சில நாய் முன்னைவிட மூர்க்கமாகப் பாயும். உங்கள் நாய் எதைச் செய்யும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஓட்டுபவர் விழுந்தால் அது ஓர் உயிர்.

ஆகவே பாய்ந்த பிறகு தண்டிக்காமல், தூரத்தில் இயந்திரச் சத்தம் கேட்டு நாய் காதை உயர்த்தும் அந்த நேரத்திலேயே "வா" என்று அழையுங்கள். பழகும்வரை கயிறு கட்டாயம் வேண்டும். படலையைச் சாத்தி வைப்பதையும் மறக்க வேண்டாம்.

வெளிநாடுகளிலை இது தடையாமே? கனடாவிலை இருக்கிற அண்ணா வாங்கி அனுப்பிறன் எண்டவர்.

சில நாடுகளில் தடை உண்டு. ஜேர்மனியில் 2006 ஆம் ஆண்டு உயர் நிர்வாக நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி நாய்க்குத் தூண்டல் கொடுக்கும் பட்டியைப் பயன்படுத்த முடியாது. வேல்ஸில் 2010 இல் தடை வந்தது. இலங்கையில், விலங்குகளுக்குக் கொடுமை இழைப்பதைத் தடுக்கும் 1907 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் நடைமுறையில் உள்ளது; பட்டியால் நாயை வதைப்பவரும் வதைப்பவரே.

பொதியில் அனுப்பச் சொல்லுமுன் இரண்டு விடயங்களைப் பாருங்கள். வானொலி அலை அனுப்பும் கருவிகளின் இறக்குமதி இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் கண்காணிப்புக்கு உட்பட்டது, ஆகவே சுங்கத்தில் பொதி நிற்கக்கூடும். ஆணைக்குழுவிடம் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். சார்ஜரில் 100–240 வோல்ற்று என்று அச்சிட்டிருக்க வேண்டும். 120 என்று மட்டும் இருந்தால் எங்கள் மின்சாரத்தில் செருகியவுடன் எரிந்துவிடும்.

ஆராய்ச்சி செய்தவை இது கூடாது எண்டு சொல்லியிருக்கினமாம். நீங்கள் என்ன சொல்லுறியள்?

சொல்லியிருக்கிறார்கள், அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அழைத்தால் வராத, ஆடுமாடு துரத்தும் 63 வீட்டு நாய்களை மூன்று குழுக்களாகப் பிரித்துப் பழக்கி, 2014 இல் முடிவை வெளியிட்டார்கள். பட்டியால் பழக்கிய நாய்கள் உணவும் பாராட்டும் கொடுத்துப் பழக்கிய நாய்களைவிட மேலாக எதையும் கற்றுவிடவில்லை. ஆனால் கூடுதலாக இறுக்கமடைந்து காணப்பட்டன. ஜேர்மனியின் ஹனோவரில் 14 பீகிள் நாய்களோடு செய்து 2007 இல் வெளிவந்த ஆய்வில், எதற்காக அடி விழுகிறது என்று தெளிவாக விளங்கிய நாய்களைவிட, காரணம் விளங்காமல் அடி வாங்கிய நாய்களின் உடலில் மன அழுத்தச் சுரப்பு வெகுவாக உயர்ந்திருந்தது.

நான் கயிற்றையும் ஈரலையும் முதலில் வைப்பதற்கு இந்த ஆய்வுகளும் ஒரு காரணம். கயிற்றோடு முழுமையாக உழைத்த பின்னும், உயிராபத்தான இடத்துக்கு ஓடும் ஒரு நாயை ஆயுள் முழுவதும் சங்கிலியில் போடுவதா, தாழ்ந்த தூண்டலோடு திறந்தவெளியில் விடுவதா என்ற நிலை வந்தால் மட்டும் நான் பட்டியை எடுக்கிறேன். அதற்கு முன் எடுப்பதை நான் ஏற்பதில்லை.

வேட்டைக்குப் போற நாய்க்குக் கட்டலாமோ?

காட்டுவிலங்குகளைப் பாதுகாக்க 1937 ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் உண்டு. நாயைவிட்டுக் காட்டு விலங்கைத் துரத்திப் பிடிப்பதற்கு நான் உதவி செய்வதில்லை.

பெல்ட்டைக் கழட்டினவுடனை பழையபடி ஓடுது. ஏன்?

பட்டி இருக்கும்போது மட்டும் சொல் செல்லும் என்று நாய் கற்றுவிட்டது. நாய் ஓடும் நாளில் மட்டும் பட்டியைக் கட்டி, கட்டியவுடன் அழுத்தி, வீடு வந்தவுடன் கழற்றினால் எந்த நாயும் இதைக் கண்டுபிடித்துவிடும். முன்பே சொன்ன இயங்காத பட்டிப் பழக்கம் இங்கேதான் கைகொடுக்கும்: பத்து நடையில் எட்டு நடைக்குப் பட்டியை அணைத்தே கட்டுங்கள், சில நாள் பட்டியில்லாமல் கயிற்றோடு போங்கள், ஈரல் மட்டும் எல்லா நாளும் பையில் இருக்கட்டும்.

பிறகு அளவையும் தடவைகளையும் மெல்லக் குறையுங்கள். கறுப்பனின் பட்டி இப்போது பெரும்பாலும் எங்கள் அடுப்படி ஆணியில்தான் தொங்குகிறது. மாரி தொடங்கி, காட்டோரத்தில் பன்றி இறங்கும் மாதங்களில் மட்டும் சார்ஜ் ஏற்றி எடுத்துப் போகிறேன். போன மாரி முழுவதிலும் இரண்டு முறை அழுத்தினேன், இரண்டும் "பீப்" ஒலிதான்.